குற்றவாளிக் கதிரையில் தளபதி

சோமசேகரத்துக்கு ஜெமீலைப் பிடிக்காமற் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில்.

அதுவரை ஜெமீல் என்றால் அவருக்கு மூதூர் லோஞ்சை ஓட்டுகிற தண்டையல், அவ்வளவுதான். ஆறடி உயரம். சுக்கான் பிடித்து உரமேறிய தோள். கொட்டியாரக் குடாவில் அலை எழும்பிப் பயணிகள் கூக்குரல் போட்டாலும் வாய் திறக்காத மனிதன். அன்று அவன் கடைக்குள் தலையைக் குனிந்து நுழைந்ததும் கடைக்காரர் ஆதம்பாவா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துவாயால் கதிரையைத் துடைத்தார்.

"வாங்க தளபதி, இரிங்க."

மூலையில் இருந்த துறைமுகத் தொழிலாளர் இருவர் விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். ஜெமீல் வெட்கப்பட்டுப் பிடரியைச் சொறிந்துகொண்டான்.

அந்தக் கடையில் வருஷக் கணக்காக உட்கார்ந்து தேநீர் குடிப்பவர் சோமசேகரம். ஒருநாளும் யாரும் அவருக்குக் கதிரை துடைத்துக் கொடுத்ததில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

தளபதிப் பட்டம் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில் வாசகர் கழகம் வருஷத்துக்கு ஒருமுறை, ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், வழக்காடு மன்றம் நடத்தும். தொடர்கதையில் வருகிற வீரன் ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். அவன் செய்தது வீரமா, மானங்கெட்ட வேலையா என்று இரண்டு பேர் வாதாடுவார்கள். சபையிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கித் தீர்ப்புச் சொல்லும் யூரிமாராக இருத்துவார்கள். இளைப்பாறிய தலைமை ஆசிரியர் ஸைனுலாப்தீன் மாஸ்டர் நீதிபதி. கடைசியில் வென்ற பக்கம் தோற்ற பக்கத்துக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். வென்றவனுக்குத் தலைக்கனம் ஏறக்கூடாது என்பதற்காக மாஸ்டர் கொண்டுவந்த வழக்கம் அது.

கழகம் தொடங்கிய நாள் முதல் குற்றவாளிக்காக வாதாடுகிறவர் சோமசேகரம்தான். பகலில் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். பின்னேரங்களில் வீரர்களின் வழக்கறிஞர். போர்க்களத்தை விட்டு ஓடிய படைத்தலைவனைக் காப்பாற்றினார். நண்பனின் கோட்டைக்குத் தீ வைத்த இளவரசனைக் காப்பாற்றினார். ஒரு வழக்கிலும் தோற்றதில்லை.

சும்மா வந்த வெற்றிகளல்ல அவை. வாரப் பத்திரிகையிலிருந்து அத்தியாயங்களை வெட்டி, ஊசி நூலால் தைத்து, மட்டை போட்டுப் புத்தகமாக்குவார். பிறகு இரண்டு பென்சில்களோடு உட்காருவார். வீரம் வரும் இடங்களுக்கு நீலம், மானம் வரும் இடங்களுக்குச் சிவப்பு. போர்க் கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் நீலம் ஓடும்; சிவப்பு அத்தி பூத்தாற்போல எங்கோ ஓரிடத்தில்தான் விழும். வாளைச் சுழற்ற எந்தத் தடியனாலும் ஏலும், மானத்தைச் சுமக்கத்தான் ஆள் வேண்டும் என்று மேடையில் அவர் சொல்லும்போது மண்டபம் கைதட்டும். தட்டி முடித்ததும் வீட்டுக்குப் போய்விடும். அடுத்த நாள் சந்தையில் சனம் பேசுவது அந்த இளவரசனைப் பற்றித்தான். காப்பாற்றியவர் மீன் கடை வரிசையில் நிற்பார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்த வருஷம் கூண்டில் ஏறியவன் இளங்குன்றன். 'ஆழித்துறைக் காவலன்' என்ற தொடர்கதையின் தளபதி. ஒன்றரை வருஷமாகத் திருகோணமலையே அவனோடுதான் வாழ்ந்தது. சென்னையிலிருந்து பத்திரிகை வந்து சேருகிற நாளில் சலூனில் ஒருவர் உரக்க வாசிப்பார். பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கதை இதுதான். அரசன் வடக்கே போர் செய்யப் போகிறான். துறைமுகக் கோட்டையை இளங்குன்றனிடம் ஒப்படைத்து, நான் திரும்பும்வரை கதவு திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்குகிறான். எதிரி வந்து முற்றுகையிடுகிறான். கடைசியில் கரையோரத்துச் சனங்களைப் பிடித்துவந்து கோட்டை வாசலில் நிறுத்தி, கதவைத் திற, இல்லாவிட்டால் இவர்களை வெட்டுவேன் என்கிறான். அந்தக் கூட்டத்தில் இளங்குன்றனின் மனைவியும் நிற்கிறாள். தளபதி கதவைத் திறக்கிறான். சனம் தப்புகிறது. கோட்டை விழுகிறது. அந்த அத்தியாயம் வந்த வாரம் கண்ணைத் துடைக்காத பெண் ஊரில் இல்லை. சோமசேகரத்தின் மனைவி கமலேஸ்வரி அன்று சோற்றை அடிப்பிடிக்க விட்டாள்.

முன்னைய வருஷங்களில் குற்றவாளிக் கதிரை வெறுமையாகவே இருக்கும். அதன் முதுகில் பெயர் எழுதிய மட்டையொன்று தொங்கும். இம்முறை, ஊரே இப்படிப் பைத்தியமாக நிற்கும்போது மட்டையைத் தொங்கவிட்டால் காணாது, உயிருள்ள ஆள் ஒருவரை இருத்துவோம் என்றார் மாஸ்டர். பத்திரிகையில் ஓவியர் போட்ட படத்தையும் ஜெமீலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே நெற்றி, அதே மீசை. தனக்குப் பேச ஏலாது, பேசச் சொல்லாவிட்டால் வந்து இருக்கிறேன் என்றான் ஜெமீல். பேசவே தேவையில்லை, முடிவில் எழும்பிக் கும்பிட்டால் போதும் என்றார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல் பேசாமல், ஒரு வரி வாசிக்காமல், ஒரு மனிதன் தளபதியாகிவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு சோமசேகரத்துக்குப் போகிற இடமெல்லாம் தளபதி. சின்னப்பிள்ளைகள் ஈர்க்கில் வாளோடு லோஞ்சுக்குப் பின்னால் ஓடினார்கள். மூதூர்க் கிழவிகள் அவன் லோஞ்சில் ஏறத்தான் காத்து நிற்கிறார்களாம். ஜெமீலின் மனைவி சித்தி பரீதா மட்டும் இதற்கு மசியவில்லை. கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறுகிற தளபதி என்று அவள் சொன்னதாகக் கேள்விப்பட்டு, சோமசேகரம் ஒரு பகல் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

அந்தச் சந்தோஷம் வீட்டுப் படியோடு முடிந்தது.

தையல் மெசினுக்கு முன்னால் கமலேஸ்வரி. மடியில் சிவப்புப் பட்டு.

"என்ன இது?"

"தளபதிக்குச் சால்வை. மாஸ்டர் கேட்டவர். இஞ்ச பாருங்கோ, தோளடியில சரிகை வைக்கட்டோ, விடட்டோ?"

 அன்று பின்னேரம் தன் வாதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார். இரண்டு பக்கம் கேட்டாள். பிறகு மெசின் ஓடத் தொடங்கியது. அவர் குரலை உயர்த்தினார். மெசினும் வேகம் பிடித்தது. சரிகையைத் தைத்தாள், பார்த்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் தன் சேர்ட் பொத்தான் ஒன்றை அவள் இரண்டாம் தரம் திருப்பிப் பார்த்ததாகச் சோமசேகரத்துக்கு ஞாபகமில்லை.

அந்த மண்டபம் ஒருநாளாவது என்னைப் பார்க்க வேண்டும். இவளும் பார்க்க வேண்டும். அவர் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை.

ஆனால் குற்றவாளியின் பக்கம் நின்று எப்படிப் பார்க்க வைப்பது? அவர் எவ்வளவு திறமாக வாதாடுகிறாரோ, அவ்வளவுக்கு ஜெமீல் உயருவான். இவர் தொண்டை கிழியக் கத்த, அவன் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு கம்பீரமாக விடுதலையாகிப் போவான். தானே தூக்கித் தோளில் வைத்த மாதிரி.

மறுநாள் கந்தோரில் தைத்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட இடம். அங்கே ஒரு புண் இருப்பது அவருக்கு முன்பே தெரியும். அதை எப்படி மூடி மறைப்பது என்று ஒரு மாதமாக யோசித்து, மருந்தும் கட்டி வைத்திருந்தார். இப்போது அந்தக் கட்டை மெல்ல அவிழ்த்துப் பார்த்தார். புண் பெரிது. ஒருவனைக் கொல்லப் போதுமான அளவு பெரிது.

அன்று பின்னேரமே கலீலுர் றஹ்மான் மாஸ்டர் வீட்டுப் படலையைத் தட்டினார். எதிர்த்து வாதாட இருந்தவர் அவர்தான். இடத்தை மாற்றிக்கொள்வோமா என்று சோமசேகரம் கேட்டதும் றஹ்மான் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"என்ன சேகரம், சுகமில்லையா? தளபதிய நீங்களா அடிக்கப் போறீங்க?"

எப்போதும் ஒரே பக்கம் நின்று அலுத்துவிட்டது, புதிதாக ஒன்று செய்து பார்க்கலாம் என்றுதான் என்றார் சோமசேகரம். றஹ்மான் மாஸ்டருக்குக் கசக்குமா? ஊரே அழுத தளபதியைக் காப்பாற்றும் வழக்கு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

செய்தி பரவிய அடுத்த நாள் ஜெமீலே கந்தோர் வாசலில் வந்து நின்றான். கையில் தொப்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கோபிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தார் சோமசேகரம். அவன் சந்தேகம் கேட்க வந்திருந்தான்.

"கிளாக்கர் ஐயா, கூண்டுல இரிக்கக்குள்ள தலைய நிமித்திக்கிட்டு இரிக்கிறதா, குனிஞ்சிக்கிட்டா? ஆருக்கும் தெரியா எண்டாங்க. கதைய முழுக்கப் படிச்சவர் நீங்கதானாம்."

சோமசேகரம் அவன் நெற்றியைப் பார்த்தார். அது நிமிர்ந்தால் மேடை அவனுடையதாகிவிடும்.

"குனிஞ்சு இரு. கடைசி மட்டும் நிமிரக் கூடாது."

"சரிங்க ஐயா." நன்றியோடு போனான்.

ஞாயிறு பின்னேரம் மாடி மண்டபத்தில் நிற்க இடமில்லை. படிகளிலும் சனம். மூதூரிலிருந்து ஒரு லோஞ்ச் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், தங்கள் தளபதியைப் பார்க்க. பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் கமலேஸ்வரி.

ஜெமீல் மேடை ஏறியபோது மண்டபம் பெருமூச்சு விட்டது. சிவப்புச் சால்வை, சிகரெட் பெட்டி வெள்ளித் தாள் சுற்றிய மரவாள். கதிரையில் உட்கார்ந்தான். சொன்னபடியே தலையைக் குனிந்தான்.

அந்தக் கணத்திலேயே சோமசேகரத்துக்குத் தன் பிழை விளங்கிவிட்டது. குனிந்த தலை சிறுமையாகத் தெரியவில்லை. ஒரு கோட்டையையே பிடரியில் சுமப்பவன் மாதிரி இருந்தான். "பாவம்" என்றது ஒரு பெண் குரல். அது கமலேஸ்வரியின் குரல் போலவும் இருந்தது.

அவர் எழுந்தார். வழக்கமாக நகைச்சுவையோடு தொடங்குகிறவர், இம்முறை ஒரு கேள்வியோடு தொடங்கினார். மீன்பிடிக்கிற சனத்தை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி எதிரி மிரட்டினான். அது எத்தனையாம் தடவை என்று சபையைக் கேட்டார். சபை விழித்தது. ஒரே ஒரு தடவைதானே?

"இரண்டாம் தடவை," என்றார் சோமசேகரம்.

முணுமுணுப்பு எழுந்தது. அவர் தைத்த புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார். வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக வாசித்தவர்கள் மறந்துவிட்டீர்கள், அது உங்கள் குற்றமில்லை, அந்த அத்தியாயம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்றார். பதினோராம் அத்தியாயம். மழைக்காலம். எதிரி முதல் தடவையாக ஐம்பது பேரைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். வலைக்காரர், உப்பெடுக்கிறவர்கள், ஒரு பிள்ளைத்தாய்ச்சி. கதவைத் திறக்கச் சொல்லி அவர்கள் அழுகிறார்கள். தளபதி மதில்மேல் நின்று, சத்தியம் பெரிது என்கிறான். ஐம்பது பேரும் அந்த மழையிலேயே வெட்டப்படுகிறார்கள். அதற்குக் கதாசிரியர் கொடுத்தது நாலே வரி. அடுத்த வாரம் வாட்சண்டை வந்தது. எல்லாரும் வாட்சண்டையை வாசித்தோம்.

மண்டபத்தில் ஒரு விசிறி கூட அசையவில்லை.

"அண்டைக்கும் அதே கதவு. அதே சத்தியம். அதே சனம். அண்டைக்குத் திறக்கேல்லை. பிறகு ஏன் திறந்தவன்? வெளியில நிண்டது அவன்ர பெண்சாதி. சத்தியத்துக்காகக் கதவைப் பூட்டியே வச்சிருந்தா அவனை வீரன் எண்டு சொல்லுவன். முதல் தடவையே சனத்துக்காகத் திறந்திருந்தா மானமுள்ளவன் எண்டு கும்பிடுவன். ஊர்ச் சனத்துக்கு ஒரு நீதி, தன்ர வீட்டுக்கு ஒரு நீதி வச்சிருந்தவனுக்கு நான் என்ன பேர் சொல்ல?"

அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. யார்மேல் கொண்ட கோபம் அது என்பது அவருக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். உட்கார்ந்தபோது கைதட்டல் இல்லை. அதைவிடப் பெரிய ஒன்று இருந்தது. அவ்வளவு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமலேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

றஹ்மான் மாஸ்டர் எழுந்து ஏதேதோ சொல்லிப் பார்த்தார். தளபதியும் மனுசன்தானே என்றார். ஐம்பது பேரின் கதை வந்த பிறகு அது எடுபடவில்லை. நீதிபதி வழக்கப்படி குற்றவாளியைப் பார்த்து, ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். ஜெமீல் எழுந்து கும்பிட வேண்டும். ஒத்திகையில் பார்த்தது அவ்வளவுதான்.

ஜெமீல் எழுந்தான். கும்பிடவில்லை. இடுப்பிலிருந்த வாளை உருவினான். மேடையைக் குறுக்கே கடந்து வந்து, சோமசேகரத்தின் மேசைமேல், அந்தத் தைத்த புத்தகத்துக்குப் பக்கத்தில், வாளை வைத்தான். திரும்பிப் போய் உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

மண்டபம் எழுந்து நின்றது.

பெண்கள் பக்கத்தில் விசும்பல். மூதூர்க்காரர் ஒருவர் "தளபதி" என்று குரல் கொடுத்தார். படிகளில் நின்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். சோமசேகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களும் ஒரே வீச்சில் மேடையின் மற்றப் பக்கத்துக்குப் போயின. அலை கரையை விட்டுப் பின்வாங்குகிற மாதிரி.

யூரிமார் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். குற்றவாளி. சோமசேகரம் வென்றார். அதை யார் கேட்டார்கள்? குற்றத்தை ஒப்புக்கொண்ட தளபதி, விடுதலையான தளபதியைவிட ஒரு முழம் கூடுதலாக வளர்ந்து நின்றான். அவனைச் சாய்க்க வெட்டிய குழியை மேடையாக்கி அவனை ஏற்றிவிட்டவர் சோமசேகரமேதான்.

வென்றவர் பொன்னாடை போர்த்த வேண்டும். றஹ்மான் மாஸ்டர் பெருந்தன்மையாக ஒதுங்கி ஜெமீலை முன்னுக்குத் தள்ளிவிட்டார். சோமசேகரம் பொன்னாடையை விரித்துக்கொண்டு போனார். எட்டவில்லை, குதிக்காலை உயர்த்த வேண்டியிருந்தது. கமலேஸ்வரி வைத்த சரிகைக்கு மேலே தன் கையாலேயே பொன்னாடையைச் சரிசெய்து விட்டார். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் ஜெமீல் அவர் காதடியில் குனிந்தான்.

"ஐயா, நான் பிழை விட்டுட்டனா? கும்பிட ஏலாமப் பெய்த்து. அம்பது பேரும் கடல் தொழில் சனம். அவன் முந்தியே தொறந்திரிக்கணும். நீங்க செல்லச் செல்ல அந்தாள்ல எனக்கே கோவம் வந்திட்டு."

ஊரில் தன் வாதத்தை அடிமுதல் நுனிவரை கேட்ட ஒரே ஆள் இவன்தான் என்பது சோமசேகரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. பெருமைப்பட வேண்டிய இடம். அவருக்கு வந்ததோ வேறு. பிழையைக் கண்டதும் வாளை இறக்கி வைக்கிற குணம்கூட இவனுக்குத்தானா வாய்க்க வேண்டும்? அந்த இடத்துக்கு மானத்தின் சிவப்புப் பென்சில்தான் போட வேண்டும். அதையும் இவனே எடுத்துக்கொண்டானே.

"பிழையில்லை," என்றார். 

கமலேஸ்வரியும் அவருமாக வீட்டுக்கு நடந்தார்கள். உள் துறைமுகத்துப் பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஐம்பது பேரையும் தான் அடியோடு மறந்துபோனதாகவும், நல்லாய்த்தான் பேசினீர்கள் என்றும் சொன்னாள். அவருக்கு நடை சற்று இலேசாயிற்று.

"ஆனா நீங்கள் அடிச்சது இளங்குன்றனை இல்லை. அது எனக்கு விளங்கினது."

அவர் நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை. நாலு அடி போய்த்தான் திரும்பினாள்.

"ஒண்டு கேக்கிறன். வாசலுக்கு வெளியில நான் நிண்டிருந்தா, நீங்கள் திறந்திருப்பியளோ?"

ஆறு வீரர்களைக் காப்பாற்றி ஏழாமவனை வீழ்த்திய நாக்கு. திறப்பேன் என்றால் தானே குற்றவாளி. மாட்டேன் என்றால் அதைவிடக் கேவலம். தெருமுனை வரைக்கும் அந்த நாக்கு அசையவில்லை. வீட்டுப் படலையில் கை வைத்தபோதுதான் சொன்னார்.

"திறந்திருப்பன்."

"பிந்திப் போச்சு," என்றாள் கமலேஸ்வரி, படலையைத் தள்ளிக்கொண்டு. "நான் செத்து எவ்வளவு நேரம்."

அடுத்த கிழமை ஸ்டூடியோக் கண்ணாடிக்குள், அன்று மண்டபத்தில் எடுத்த படம் தொங்கியது. பொன்னாடை போர்த்தும் காட்சி. கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஒரே கூட்டம். சோமசேகரம் மனுசர் கலையும்வரை எதிர்ப் பக்கத்தில் நின்று, பிறகு கிட்டப் போனார்.

தளபதி நேரே நிற்கிறான். குனிந்த தலை, ஒளிவிடும் நெற்றி. சோமசேகரம் அதில் இல்லை. ஒரு பிடரியின் ஓரம், பொன்னாடையைப் பிடித்த இரண்டு கைகள், அவ்வளவுதான். அந்தக் கைகளை அவர் உற்றுப் பார்த்தார். பெற்ற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல அவ்வளவு கவனமாக அவை தோளில் பதிந்திருந்தன. யாருடைய கைகளோ போல இருந்தன.

உள்ளே போய்த் தனக்கொரு பிரதி வேண்டும் என்றார். ஸ்டூடியோக்காரர் உற்சாகமாக எழுந்தார். ஏகப்பட்ட பேர் எடுத்துப் போகிறார்களாம். குறுக்கே யாரோ ஒருவருடைய கை விழுந்து படத்தைக் கெடுக்கிறதாம். எல்லாருக்கும் அந்தக் கையை வெட்டிவிட்டுத் தளபதியை மட்டும் பெரிதாக்கித்தான் கொடுத்தாராம். உங்களுக்கும் அப்படியே செய்து தரட்டுமா என்று கேட்டார்.

சோமசேகரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையை வெட்டாதேங்கோ," என்றார்.